இத்தாலியக் கிராமத்தில் பழைய பண்ணை வீடு வாங்கிப் புதுப்பிக்க ஒரு வழிகாட்டி

டஸ்கனி, உம்ப்ரியா, மார்க்கே பக்கம் மலைச்சரிவுகளில் ஆளில்லாமல் நிற்கும் கல் வீடுகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வாரக் குடியானவர்கள் வாழ்ந்தவை. நிலமும் வீடும் முதலாளியுடையது, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. மெட்ஸாத்ரியா என்று அந்த முறைக்குப் பெயர். புதிதாக இப்படி வார ஒப்பந்தம் போடக் கூடாது என்று 1964-இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பிருந்தே இளைஞர்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின.

நீங்கள் இன்று வாங்க நினைக்கும் வீட்டின் அழகும் சிக்கலும் அங்கிருந்துதான் வருகின்றன. கீழ்த்தளம் மாட்டுத் தொழுவம். குளிர்காலத்தில் மாடுகளின் சூடு மேல்தளத்துக்கு ஏறும். வெளிப் படிக்கட்டில் ஏறினால் பெரிய கணப்பு அடுப்போடு சமையலறை, அதை ஒட்டிப் படுக்கையறைகள். ஆகவே கீழ்த்தளம் பல வீடுகளில் இன்றும் பதிவேட்டில் தொழுவமாகவே இருக்கிறது. பின்னால் யாரோ ஒரு கழிப்பறையும் பன்றிக் கொட்டிலும் ஒட்டிக் கட்டியிருப்பார்கள், அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். சொத்து வாரிசுகளுக்குப் போய், அவர்களில் ஒருவர் மிலானிலும் இன்னொருவர் அர்ஜென்டினாவிலும் இருப்பார். இடிந்த சுவரைப் பணம் போட்டு எழுப்பிவிடலாம். காகிதத்தில் கோளாறு இருந்தால் பணம் மட்டும் போதாது. அதனால் இந்த வழிகாட்டியில் கல்லையும் மரத்தையும் விடக் காகிதத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உங்களால் வாங்க முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடை எதுவும் இல்லை. இத்தாலியில் செல்லுபடியாகும் வதிவிட அனுமதியோடு வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தான். பலெர்மோவில் நெடுங்காலமாக வாழும் ஈழத்தமிழர்கள் பலர் இந்த வகையில் வருவார்கள். மற்றவர்களுக்குப் பரஸ்பர விதி பொருந்தும். அதாவது, உங்கள் நாட்டில் இத்தாலியர் ஒருவர் வீடு வாங்க முடிந்தால் இத்தாலியில் நீங்களும் வாங்கலாம். அமெரிக்கக் குடிமக்களுக்கும் பிரிட்டன் குடிமக்களுக்கும் இதில் பிரச்சினை இல்லை. சுவிஸ் குடியுரிமை மட்டும் வைத்துக்கொண்டு சுவிஸிலேயே வசிப்பவர்களுக்குப் பரப்பளவில் கட்டுப்பாடு உண்டு. பண்ணை வீடு என்றால் நிலமும் சேர்ந்தே வரும் என்பதால் அவர்கள் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்து இத்தாலியில் வதிவிட அனுமதி இல்லாதவர்கள், வீடு தேடத் தொடங்கும் முன்பே இத்தாலிய நோட்டரி (அங்கே கிரயத்தை எழுதிப் பதிவு செய்யும் அதிகாரி) ஒருவரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். இந்தியாவில் வசிப்பவர் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும்.

வீடு வாங்கினால் விசா கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கிடைக்காது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர் 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்கலாம். அதற்கு மேல் தங்க வேண்டுமானால் தனி விசா வேண்டும். வேலை செய்யாமல், ஓய்வூதியம், வாடகை போன்ற நிலையான வருமானத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வதிவிட விசா இருக்கிறது. தனி ஆளுக்கு ஆண்டு வருமானம் சுமார் 31,000 யூரோவாவது காட்டச் சொல்வார்கள்.

எல்லோருக்கும் முதல் வேலை கோடிச்சே ஃபிஸ்காலே எடுப்பது. 16 எழுத்தும் எண்ணும் கொண்ட வரி அடையாள எண் அது. இத்தாலியத் தூதரகத்திலோ இத்தாலிக்குள் வரி அலுவலகத்திலோ இலவசமாகக் கிடைக்கும். இது இல்லாமல் ஒப்பந்தமும் இல்லை, மின் இணைப்பும் இல்லை.

எந்தப் பகுதி, எந்த மாதிரி வீடு

வீட்டின் பெயரே ஊரைச் சொல்லிவிடும். மத்திய இத்தாலியில் காசாலே அல்லது காசா கொலோனிக்கா. பியெமொன்தே, லொம்பார்தியா சமவெளியில் முற்றத்தைச் சுற்றிக் கட்டிய காஷீனா. புல்யாவில் கோட்டை மாதிரியான மஸ்ஸெரியா, கூம்புக் கூரையுள்ள த்ருல்லோ. விளம்பரத்தில் ருஸ்திக்கோ என்று போட்டிருந்தால் அநேகமாகக் கூரை இல்லாத, அல்லது மின்சாரமும் தண்ணீரும் இல்லாத கட்டடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கியாந்தி, வால் தோர்ச்சா போன்ற பெயர்பெற்ற இடங்களில் வெறும் சுவர்களுக்கே பெரிய விலை சொல்வார்கள். மார்க்கே, அப்ருட்ஸோ, மொலிசே, வடக்கு டஸ்கனியின் லூனிஜானா, பியெமொன்தேயின் மொன்ஃபெர்ராத்தோ ஆகியவற்றில் அதே தரமான கல் வீடு குறைந்த விலைக்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால் முதன்முதலாக வாங்குகிறவர் இங்கேதான் தேட வேண்டும். மிச்சமாகும் பணம் கூரைக்கும் அஸ்திவாரத்துக்கும் போகட்டும்.

பகுதியைத் தேர்வு செய்யும்போதே நில அதிர்வையும் பாருங்கள். இத்தாலியின் ஒவ்வொரு ஊராட்சிக்கும் 1 முதல் 4 வரை அதிர்வு மண்டல எண் இருக்கிறது. 1 என்றால் மிக அதிக ஆபத்து. 2009-இல் லாக்விலா, 2016-இல் அமத்ரிச்சேயும் நோர்ச்சாவும் இடிந்தது அப்பென்னைன் மலைத்தொடரை ஒட்டிய பகுதியில்தான். இந்த மண்டலங்களில் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. சுவர்களைப் பலப்படுத்தும் செலவை விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்கிறேன். தெற்கே சலென்தோவில் ஒலிவத் தோட்டத்தோடு வீடு பார்க்கிறவர்கள் மரங்களையும் கவனியுங்கள். 2013-இல் அங்கே கண்டறியப்பட்ட ஸைலெல்லா என்ற பாக்டீரியா நோய் லட்சக்கணக்கான ஒலிவ மரங்களைப் பட்டுப்போகச் செய்துவிட்டது.

ஒரு யூரோ வீடுகள் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். சிசிலியில் சம்பூக்கா, முஸ்ஸொமெலி, காஞ்சி போன்ற ஊர்களில் அவை உண்மையாகவே விற்கப்பட்டன. ஆனால் அவை ஊருக்குள்ளே, பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்து நிற்கும் வீடுகள். குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பித்து முடிக்க வேண்டும், அதற்கு வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். நிலத்தோடு கூடிய பண்ணை வீடு தேடுகிறவருக்கு அது வேறு சமாச்சாரம்.

மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள்

மே மாதத்தில் எந்த இடிந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. கூரை எங்கே ஒழுகுகிறது, மேட்டிலிருந்து வரும் தண்ணீர் எந்தச் சுவரில் மோதுகிறது, ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதையில் உங்கள் வண்டி ஏறுகிறதா என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். உங்கள் வண்டியே திணறினால் சிமென்ட் லாரியும் ஓடு ஏற்றிய லாரியும் எப்படி வரும் என்று யோசியுங்கள்.

பாதை யாருடையது என்றும் கேளுங்கள். பக்கத்து நிலத்தின் வழியே போவதானால் பாதை உரிமை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். "நாங்கள் காலகாலமாக இப்படித்தான் போகிறோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கக் கூடாது. பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் பாதை என்றால் பராமரிப்புச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஊராட்சிக் குழாய் வீடு வரை வந்திருக்கிறதா, இல்லை கிணறோ ஊற்றோதானா? கிணறு என்றால் ஆகஸ்ட் மாதத்தில் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். விற்பவரிடம் கேட்பதை விட அது நம்பகமானது. தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் அவசியம். மின் கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது விலையையே மாற்றிவிடும். இணைப்பு இருந்தாலும் வழக்கமான வீட்டு இணைப்பு 3 கிலோவாட்தான். வீட்டைச் சூடாக்க மின்சார ஹீட் பம்ப் போட்டால் அது போதாது. கழிவுநீருக்குச் செப்டிக் டேங்க் இருக்கிறதா, அதற்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கொட்டில்களின் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடப்பது சாதாரணம். 1992-இல் அது தடை செய்யப்பட்டது. உரிமம் உள்ள நிறுவனம்தான் அகற்ற வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

இன்னொன்று, பலர் குடியேறிய பிறகே தெரிந்துகொள்வது: இத்தாலிய சிவில் சட்டத்தின் 842-ஆம் பிரிவின்படி, சட்டம் சொல்லும் வகையில் வேலி போடாத நிலத்துக்குள் வேட்டைக்காரர்கள் வருவதை உரிமையாளர் தடுக்க முடியாது. வேலி குறைந்தது 1.20 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறிலிருந்து ஜனவரி கடைசி வரை பொதுவாக வேட்டைக் காலம். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயோமெத்ராவைப் பிடியுங்கள்

நிலம் அளப்பது, பதிவேடு பார்ப்பது, கட்டட அனுமதிக்கு விண்ணப்பிப்பது எல்லாம் தெரிந்த தொழில்நுட்ப ஆள்தான் ஜெயோமெத்ரா. கிராமப்புறத்தில் இவர் இல்லாமல் ஒன்றும் நகராது. விற்பவரோ புரோக்கரோ கைகாட்டும் ஆளை வைத்துக்கொள்ளாமல், நீங்களே பணம் கொடுத்து உங்களுக்காக ஒருவரை அமர்த்துங்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன்பு அமர்த்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆலோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது கதாஸ்தோ என்னும் நில, கட்டடப் பதிவேடு. அதில் உள்ள வரைபடமும் வீட்டின் இன்றைய நிலையும் ஒத்துப்போக வேண்டும். 2010-இலிருந்து அப்படி ஒத்துப்போகிறது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். எழுதாத பத்திரம் செல்லாது. பண்ணைக் கட்டடங்கள் பல, வெறும் நிலப் பதிவேட்டில் மட்டும் இருந்தன. அவற்றைக் கட்டடப் பதிவேட்டுக்கு மாற்ற 2012 நவம்பர் 30 கெடுவாக இருந்தது. மாற்றாமல் விட்ட வீடுகள் இன்னும் சந்தைக்கு வருகின்றன. அந்த வேலையை விற்பவர் தன் செலவில் முடித்துத் தர வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஊராட்சி அலுவலகமான கொமூனேயில் இருக்கும் கட்டட அனுமதிக் கோப்பு. கதாஸ்தோ வரி வசூலுக்கான பதிவேடு. அதில் ஓர் அறை இருப்பதால் அது சட்டப்படி கட்டப்பட்டது என்று ஆகிவிடாது. சட்டப்படியானதா என்று சொல்வது கொமூனேயின் கோப்புதான். ஊர் எல்லைக்கு வெளியே 1967 செப்டம்பர் 1-க்கு முன் கட்டிய வீட்டுக்குப் பெரும்பாலும் அனுமதி தேவைப்பட்டிருக்கவில்லை. பத்திரத்தில் அதற்கு ஓர் உறுதிமொழி எழுதினால் போதும். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு சேர்த்த குளியலறை, மூடிய வராந்தா, வீடாக்கிய தொழுவம் ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும். 1985, 1994, 2003 ஆகிய ஆண்டுகளில் அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளச் சட்டம் வாய்ப்புக் கொடுத்தது. அப்போது விண்ணப்பித்து இன்னும் முடியாமல் கிடக்கும் கோப்புகளும் உண்டு. எண் மட்டும் காட்டினால் போதாது, முடிந்ததற்கான ஆணையைக் கேளுங்கள்.

வீடு பாழடைந்தது என்று பதிவேட்டில் தனி வகையில் இருந்தால், அதை எவ்வளவு பெரிதாகத் திரும்பக் கட்டலாம் என்பது, பழைய அளவை நிரூபிக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. 2013-இலிருந்து, இடிந்து விழுந்த கட்டடத்தையும் பழைய அளவை ஆதாரத்தோடு காட்டினால் புதுப்பித்தலாகக் கருதி எழுப்பலாம். பழைய புகைப்படம், வான்படம், வரைபடம் எதுவானாலும் இப்போதே சேகரிக்கச் சொல்லுங்கள். சுவரே தெரியாமல் கொடி மூடிய கற்குவியலை "இங்கே 200 சதுர மீட்டர் கட்டலாம்" என்று சொல்லி விற்பவர்களிடம் இந்த ஆதாரத்தைக் கேட்டாலே பேச்சு வேறு மாதிரி போகும்.

வாரிசுச் சொத்து என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுரிமையை ஏற்றுக்கொண்டதும் பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். அடமானம், வழக்கு, ஜப்தி எதுவும் இருக்கிறதா என்று நோட்டரி பழைய பதிவுகள் வரை போய் வில்லங்கம் பார்ப்பார். இந்தப் பகுதியை அவரிடம் விட்டுவிடலாம்.

பக்கத்து விவசாயியின் முன்னுரிமை

நிலத்தோடு வாங்குகிறவர்கள் தவறவே விடக் கூடாத விஷயம் இது. 1965, 1971 சட்டங்களின்படி விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால், அதைக் குத்தகைக்கு உழுகிறவருக்கும், குத்தகைக்காரர் இல்லாவிட்டால் எல்லையை ஒட்டிய நிலத்தைச் சொந்தமாக வைத்துத் தானே உழுகிற விவசாயிக்கும் அதே விலைக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. விற்பவர் ஒப்பந்தத்தின் நகலோடு அவருக்கு முறையான அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவருக்கு 30 நாட்கள் அவகாசம். அறிவிப்பே போகாமல் விற்றுவிட்டால், கிரயம் பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவர் வந்து அதே விலையைக் கொடுத்து நிலத்தை உங்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டில் நீங்கள் வேலி போட்டு, கன்று நட்டு, பாதை போட்டிருப்பீர்கள்.

ஆகவே யார் யாருக்கு உரிமை இருக்கிறது என்று ஜெயோமெத்ரா பட்டியல் போடட்டும். ஒவ்வொருவரிடமிருந்தும் எழுத்தில் மறுப்போ, 30 நாட்கள் கழிந்ததற்கான ஆதாரமோ கைக்கு வந்த பிறகு கிரயத்துக்குப் போங்கள். நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று கொமூனே தரும் சான்றிதழும் கிரயத்துக்கு வேண்டும்; வீட்டின் இணைப்பாகவே உள்ள, 5,000 சதுர மீட்டருக்குக் குறைவான நிலத்துக்கு மட்டும் அது தேவையில்லை.

மூன்று கையெழுத்துகள்

முதலாவது ப்ரொபோஸ்தா, அதாவது வாங்க விரும்புகிறேன் என்று விலை எழுதிக் கொடுப்பது. புரோக்கர் அச்சடித்த படிவம் ஒன்றை நீட்டி "சும்மா ஒரு சம்பிரதாயம்" என்பார். விற்பவர் ஏற்றுக்கொண்டதும் அது உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகிவிடுகிறது. அப்போதே புரோக்கர் கமிஷனும் விழுந்துவிடும். பொதுவாக விலையில் 3 சதவீதம் அளவில், அதன் மேல் 22 சதவீத வாட் வரி, வாங்குபவர் விற்பவர் இருவரிடமும். அதனால் ப்ரொபோஸ்தாவிலேயே நிபந்தனைகளை எழுதுங்கள்: கட்டட ஆவணங்கள் சரியாக இருந்தால், முன்னுரிமை உள்ளவர்கள் விலகினால், தொழுவத்தை வீடாக்க கொமூனே சம்மதித்தால், வங்கிக் கடன் கிடைத்தால் என்று. புரோக்கர் வணிகச் சபையில் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். பதிவில்லாதவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கொம்ப்ரொமெஸ்ஸோ, நம் ஊர்க் கிரய ஒப்பந்தம். இதில் கப்பார்ரா என்ற முன்பணம் கை மாறும். நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்தான 30 நாட்களுக்குள் இதை வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். கிரயத்துக்குப் பல மாதங்கள் ஆகும் என்றாலோ முன்பணம் பெரியது என்றாலோ, நோட்டரி முன்னிலையில் போட்டு, சொத்துரிமைக்கான பொதுப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். அப்படி ஏற்றினால், இடையில் விற்பவர் வேறொருவருக்கு விற்றாலும், கடன்காரர்கள் வந்து அடமானம் போட்டாலும் உங்களுக்குத்தான் முன்னுரிமை. கொஞ்சம் செலவு கூடும், ஆனால் நான் இதைச் செய்யத்தான் சொல்வேன்.

மூன்றாவது ரோஜித்தோ, இறுதிக் கிரயம். நோட்டரியைத் தேர்வு செய்யும் உரிமை பணம் கட்டும் உங்களுடையது. அவர் யார் பக்கமும் சாராத அரசுப் பொறுப்புள்ள அதிகாரி. உங்கள் வக்கீல் இல்லை. உங்களுக்கு இத்தாலிய மொழி தெரியாவிட்டால் பத்திரத்தின் மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரும் சாட்சிகளும் வேண்டும். அல்லது மொழி தெரிந்த, நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். பத்திரம் முழுவதும் உரக்கப் படிக்கப்படும். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பதிவு முடியும் வரை பணத்தை விற்பவருக்குத் தராமல் தன்னிடமே வைத்திருக்கும்படி நோட்டரியைக் கேட்கும் வசதி 2017-இலிருந்து இருக்கிறது.

பத்திரத்தில் "இப்போதிருக்கும் நிலையிலேயே" விற்கப்படுகிறது என்ற வாசகம் அநேகமாக இருக்கும். மறைந்திருந்த குறை தெரியவந்தால் எட்டு நாட்களுக்குள் விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பழைய வீட்டில் அந்த வழியில் பெரிதாக எதுவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சோதனையெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

வரி

தனியாளிடமிருந்து வீடு வாங்கினால் பதிவு வரி 9 சதவீதம். அதையே உங்கள் முதல் வீடாக வைத்து, 18 மாதங்களுக்குள் அந்தக் கொமூனேக்கு வதிவிடத்தை மாற்றினால் 2 சதவீதம். குறைந்தபட்சம் 1,000 யூரோ. நல்ல செய்தி என்னவென்றால், வீட்டுக்கு இந்த வரியை விற்பனை விலையில் போடாமல், பதிவேட்டு மதிப்பில் போடச் சொல்லி நீங்கள் கேட்கலாம். பதிவேட்டில் ஆண்டு வருவாய் மதிப்பு 600 யூரோ என்றால், இரண்டாம் வீட்டுக்கு அதை 126-ஆல் பெருக்கி 75,600 யூரோ. 9 சதவீதம் 6,804 யூரோ. விலை 1,80,000 யூரோவாக இருந்தாலும் வரி அவ்வளவுதான். உண்மையான விலையைப் பத்திரத்தில் எழுதிவிட்டே இதைச் சட்டப்படி கேட்கலாம், ஆகவே விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் யார் பேச்சையும் கேட்க வேண்டாம்.

பாழடைந்தது என்று பதிவான கட்டடத்துக்கு வருவாய் மதிப்பே கிடையாது என்பதால் இந்தச் சலுகை இல்லை. விலை மீதே வரி. வீட்டோடு வரும் விவசாய நிலத்துக்கு, நீங்கள் பதிவு பெற்ற விவசாயியாக இல்லாவிட்டால் 15 சதவீதம். வீட்டுக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்று விலையைப் பிரித்து எழுதுவது அதனால் முக்கியம்.

வேலை தொடங்கும் முன் அனுமதி

உள்ளே சுவர் மாற்றுவது போன்ற, கட்டமைப்பைத் தொடாத வேலைக்குச் சீலா என்ற அறிவிப்புப் போதும். உத்தரம், கூரை, தாங்கு சுவர் என்று தொட்டால் ஷியா என்ற இன்னொரு வகை அறிவிப்பு. பரப்பைக் கூட்டினாலோ பெரிய உருமாற்றம் என்றாலோ முழுக் கட்டட அனுமதி. வெளியே எதையாவது மாற்றினால், நிலக்காட்சிப் பாதுகாப்புப் பகுதியில் வீடு இருக்கிறதா என்ற கேள்வி வரும். ஆற்றிலிருந்து 150 மீட்டருக்குள், காட்டுப் பகுதியில், பாதுகாக்கப்பட்ட மலைச்சரிவில் எல்லாம் தனி ஒப்புதல் வேண்டும். புது ஜன்னல், நீச்சல் குளம், சில இடங்களில் ஜன்னல் கதவின் நிறம் கூட இதில் அடங்கும். மாதக்கணக்கில் ஆகும் என்று திட்டமிடுங்கள். கட்டமைப்பு வேலைக்கு நில அதிர்வுக் கணக்கோடு பொறியாளரின் வரைபடம் தனியாகப் போக வேண்டும்.

கல், சுண்ணாம்பு, மரம்

முழுக்கப் புதுப்பிக்க வேண்டிய வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1,500 யூரோவுக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். பாதை கடினமான இடத்தில், அதிர்வு மண்டலத்தில் 2,500-ஐயும் தாண்டலாம். பல நேரங்களில் வாங்கிய விலையை விட வேலைக்கே அதிகம் போகும்.

முதலில் கூரை. மற்ற வேலைக்குப் பணம் இல்லாவிட்டாலும் கூரையை மூடிவிடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காத கல் வீடு பல ஆண்டுகள் காத்திருக்கும், இறங்கும் வீடு சில குளிர்காலங்களிலேயே சரியத் தொடங்கும். வளைந்த பழைய ஓடுகளை இறக்கும்போது உடையாதவற்றைப் பத்திரமாக அடுக்கச் சொல்லுங்கள். புது ஓடுகளை அடியில் வைத்துப் பழையவற்றை மேலே போட்டால் கூரை தன் நிறத்தை இழக்காது. செஸ்ட்நட் உத்தரங்களில் பூச்சி அரித்தது மேலாகத்தான் இருக்கிறதா, சுவருக்குள் செருகிய முனை உளுத்திருக்கிறதா என்று தச்சர் குத்திப் பார்க்க வேண்டும். முனைதான் முதலில் கெடும்.

சுவர்களின் மேல்தலையை ஒன்றாகக் கட்டும் பட்டையும், எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகளும் அதிர்வில் வீட்டைக் காப்பாற்றுபவை. பழைய வீடுகளின் வெளிச்சுவரில் தெரியும் இரும்புத் தட்டுகள் இந்தக் கம்பிகளின் முனைகள்தான். அழகுக்கு என்று நினைத்து யாரும் கழற்றிவிடாமல் பாருங்கள்.

சிமென்ட் விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்: கல் சுவரில் சிமென்ட் பூச்சு வேண்டாம். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு ஓதம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூத்து பூச்சு உதிரும். இடுக்குகளுக்கும் பூச்சுக்கும் இயற்கைச் சுண்ணாம்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தொழுவத் தரையைத் தோண்டி, அடியில் காற்றோட்டமுள்ள இடைவெளி விட்டுப் புதுத் தளம் போடுவது கீழ்த்தளத்தை வாழத் தகுந்ததாக்கும். அகற்றிய சுட்டமண் தளஓடுகளை அதன் மேலேயே திரும்பப் பதிக்கலாம்.

கட்டுமான நிறுவனத்தோடு பேசும்போது மொத்த விலையாக வாங்காமல், அளவும் விலையும் வரிவரியாக எழுதிய மதிப்பீட்டை வாங்குங்கள். ஒரே மதிப்பீட்டுத் தாளை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். தொழிலாளர் காப்பீட்டுத் தொகை ஒழுங்காகக் கட்டியதற்கான துர்க் என்ற சான்றிதழ் இல்லாத நிறுவனத்தை உள்ளே விடாதீர்கள். வேலை முடிந்த கட்டத்துக்குத்தான் பணம், அதுவும் உங்கள் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்ட பிறகு. ஆகஸ்ட் மாதத்தில் கடைகளும் ஆட்களும் இருக்க மாட்டார்கள் என்பதால் கூரை திறக்கும் நாளை அதற்கேற்ப வையுங்கள். புதுப்பித்தலுக்கு வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் அது இத்தாலியில் வருமான வரி கட்டுகிறவருக்குத்தான் பயன்படும்; விகிதமும் அடிக்கடி மாறுகிறது. அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

வேலை முடிந்ததும் இரண்டு தாள்கள் பாக்கி. கதாஸ்தோவில் புது வரைபடம் 30 நாட்களுக்குள் ஏற வேண்டும். வாழத் தகுதியானது என்ற அகிபிலிதா சான்றை 15 நாட்களுக்குள் ஜெயோமெத்ரா கொமூனேயில் தாக்கல் செய்ய வேண்டும். முதல் வீட்டுச் சலுகை எடுத்தவர்களுக்கு 18 மாதக் கெடு கிரயத்தன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் கூரை இல்லாவிட்டாலும் அது நிற்காது. தேவைப்பட்டால் அதே கொமூனேயில் ஒரு வாடகை வீட்டுக்காவது வதிவிடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லா ரசீதுகளையும், வங்கிப் பரிமாற்றத் தாள்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் விற்க நேர்ந்தால், லாபத்துக்கு வரி கணக்கிடும்போது அந்த ரசீதுகளில் உள்ள செலவைத்தான் கழித்துக்கொள்ள முடியும்.